வேலிக்கதவுக் கெநோசி வடக்கே போய் வந்தது

என் அப்பா கெநோசியும் அம்மா செதுன்யாவும் கிளம்பிப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பலாப்யே ஊரில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு நாளும் நான் திட்டுச் சேர்த்து வைத்திருந்தேன். காலையில் எழுந்தால் பல் தேய்க்கும்போதே ஒரு வசனம் வரும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது இன்னொன்று வரும். நான் நர்ஸ். அதுவும் கண் பிரிவில் பதினெட்டு வருஷம். சொந்த அப்பா கண் அறுவைக்கு நாள் குறித்திருந்த புதன்கிழமைக்கு முதல் நாள் விடியற்காலையில், என் மகள் ரெசெகோவிடம் மட்டும் "அம்மா எந்திரிச்சா சொல்லிடு, நாங்க வடக்கே போறோம்" என்று சொல்லிவிட்டு, பழைய பிக்கப் வண்டியில் ஏறிப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? போனையும் அணைத்து வைத்துவிட்டார்கள்.

வண்டி முழுக்கச் சேறு. அம்மாதான் ஓட்டி வந்தாள். அறுபத்தெட்டு வயசு, மூக்கு நுனியில் கண்ணாடி, ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் ஓட்டுவாள். இறங்கி அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அப்பா காலால் தரையைத் துழாவி இறங்கினார். நான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

வலது கண் சிவந்து, கருவிழி பாலாடை படிந்த மாதிரி மங்கியிருந்தது. இடது கண் முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த இதுவும் போய்விட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

"எத்தனை நாளாச்சு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"வலி வந்து ஒரு வாரம். வடக்க கசானே ஊர்ல வந்துச்சு. திரும்பிடலாம்னு அழுதேன். கேக்கணுமே இந்த மனுஷன்."

"அழுதியா? சாவி உன் கையிலதானே இருந்துச்சு? வண்டிய திருப்பத் தெரியாதா உனக்கு?"

"கொராட்டா, உங்கம்மாவ வையாத" என்றார் அப்பா. "மருந்து இருந்தா ஊத்து. மாத்திரை இருந்தா குடு. ஆஸ்பத்திரிக்கும் வரேன். ஒரு மணி நேரம் மட்டும் குடு. பிள்ளைங்ககிட்ட நான் பாத்தத சொல்லணும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தானாகவே தலையைப் பின்னால் சாய்த்தார். இரண்டு வருஷமாக என் கையால் ஒரு சொட்டு வாங்காத மனுஷன் இவர். சொட்டு மருந்து விட்டேன், அழுத்தம் குறைய மாத்திரை கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அழைத்து வாருங்கள், ஆனால் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். அது எனக்கே தெரியும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருஷம் கலஹாரி ஓரத்தில் ஒரு வேலிக்கதவில் வேலை பார்த்தவர் அவர். கோமாரி நோய் காட்டிலிருந்து மாட்டுக்கு வந்துவிடக்கூடாது என்று அரசாங்கம் போட்ட கம்பி வேலி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேராகப் போகும். ரோடு குறுக்கே வரும் இடத்தில் ஒரு கதவு, ஒரு தகரக் கொட்டகை, கொட்டகையில் அப்பா. வருகிற வண்டியை நிறுத்தி, இறங்கச் சொல்லி, மருந்துத் தண்ணீரில் நனைத்த சாக்கில் செருப்போடு மிதிக்க வைப்பார். பெட்டியைத் திறந்து பச்சை இறைச்சி இருந்தால் எடுத்துக் குழியில் போட்டு எரிப்பார். அவரைத் திட்டாத வழிப்போக்கன் இல்லை. "உன் வீட்டுக் குழம்புக்குத்தானே எடுக்கற?" என்று கேட்பார்களாம். அவர் ஒரு துண்டைக் கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, நாங்கள் சாட்சி.

வடக்கே யானையும் சிங்கமும் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதவு வழியாகத்தான் போவார்கள். திரும்பி வரும்போது சாக்கை மிதித்துக்கொண்டே நிற்பவர்களிடம் அப்பா, "என்ன பாத்தீங்க?" என்று கேட்பார். சிலர் சொல்வார்கள், சிலர் உனக்கெதற்கு என்பார்கள். மாதம் ஒருமுறை லீவில் வீட்டுக்கு வந்தால் அந்தக் கதையெல்லாம் எங்களுக்கு வரும். யாரோ பார்த்த சிறுத்தை, யாரோ பார்த்த நீர்யானைச் சண்டை. அவர் அந்தக் கதவைத் தாண்டி ஒரு மைல் போனதில்லை. ஓய்வு பெற்றபின் நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை சந்திக்கிறவர்கள் ஊர் பேர் கேட்டபிறகு, "நீங்க எதை ஆடுறவங்க?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கு, அதன் பேரில் ஓர் ஆட்டம். முதலை ஆடுகிறவர்கள் உண்டு, குரங்கு ஆடுகிறவர்கள் உண்டு. நாங்கள் எலாண்ட் ஆடுகிறவர்கள். மானிலேயே பெரியது அது. நல்ல எருது உயரம், கழுத்தடியில் அலைதாடி. அதன் இறைச்சியை நாங்கள் தொடமாட்டோம், தோலை மிதிக்கமாட்டோம். மரியாதைக்கு ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அந்த விலங்கின் பேரைச் சொல்லியே கூப்பிடுவார்கள். "போஃபு!" என்று எங்கள் மொழியில் எலாண்டின் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் எங்கள் பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புவார். அப்பா திரும்பமாட்டார். காது கேட்காத மாதிரி போய்விடுவார். சர்ச்சுக்குப் போகிற மனுஷன், பழைய வழக்கம் பிடிக்கவில்லை போல என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். தட்டில் இருக்கிற கறி தெரியும், பக்கத்தில் இருக்கிற டம்ளர் தெரியாது. கண்ணில் அழுத்தம், பக்கப் பார்வை போய்விட்டது, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரிகிறது. மருந்தை ஒழுங்காக விட்டிருந்தால் அப்படியே நிறுத்தியிருக்கலாம். அவர் விடவில்லை. வாங்கிக் கொடுத்த புட்டியெல்லாம் மூடி பிரிக்காமல் கிடந்தது.

"இது ஆஸ்பத்திரிக் கண்ணு இல்ல கொராட்டா" என்றார் ஒருநாள். "குலவிலங்குக்குக் கேடு செஞ்சவன் கண்ணு கெடும். பெரியவங்க சொன்னது."

"நீங்க என்ன கேடு செஞ்சீங்க? ஒரு துண்டு தின்னீங்களா? ஒரு கல்லு எறிஞ்சீங்களா?"

"கண்ணு இருக்கும்போதே உயிரோட ஒரு எலாண்டு முன்னால போய் நிக்கணும். அதுக்கப்புறம் உன் மருந்து" என்றார். எனக்கு வந்ததே கோபம். கண்ணில் அழுத்தம் என்றால் என்ன என்று படம் போட்டுக் காட்டினேன். கத்தினேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று கூடக் கேட்டுவிட்டேன். கண் போய்க்கொண்டிருக்கிற மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? வாய், வேறென்ன. அம்மா அழுது புரண்டபிறகுதான் அறுவைக்குச் சரி என்றார். அறுவை முடிந்தால் மழைக்காலம் முழுக்கத் தூசியிலும் வெயிலிலும் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில்தான் எலாண்ட் கூட்டம் கூட்டமாக வடக்கே உப்புநிலத்துப் பக்கம் வரும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனார்.

இப்போது வீட்டில் ரெசெகோவும் என் தம்பி பிள்ளைகள் மூன்று பேரும் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா சோளமாவுக் களியான பாப்பும் கீரையும் தட்டில் போட்டு அவர் மடியில் வைத்தாள். நான் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"முதல்ல யானை" என்றார் அப்பா. "நாட்டா ஊர் தாண்டி நடு ரோட்டுல நின்னுச்சு. மலை கணக்கா. உங்க பாட்டி வண்டிய நிறுத்திட்டு அதுகிட்ட பேசறா."

"பேசாம? 'அய்யா, நாங்க வயசானவங்க, சும்மா போறோம், வழி விடுங்க'ன்னேன். விட்டுச்சே!"

"தாத்தா, முழுசா பாத்தீங்களா?"

"கண்ணுதான் குழாயாச்சே. கால்ல ஆரம்பிச்சேன். முட்டி பாத்தேன், வயிறு பாத்தேன். காதுக்கு வரதுக்குள்ள நகந்துடுச்சு."

"வாலுதான் நல்லா தெரிஞ்சுதாம் அவருக்கு" என்றாள் அம்மா. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒட்டகச்சிவிங்கி மட்டும் அந்தக் கண்ணுக்குத் தோதாக இருந்ததாம். தலையைக் கீழிருந்து மேலே தூக்கினால் போதும், முழுசும் வந்துவிடும். கசானேயில் பெட்ரோல் பங்கில் காட்டுப்பன்றிகள் முட்டி போட்டுப் புல் மேய்ந்ததையும், "என்னமா வரிசைல நிக்குதுங்க, பெட்ரோல் போடவா?" என்று அம்மா கேட்டதையும் சொன்னார். சிங்கம் இரண்டு, ரோட்டோரப் புதரில். அம்மா காட்டிக் காட்டிப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை. ஆற்றங்கரையில் ராத்தங்கல். நீர்யானைகள் சிரிக்கிற சத்தத்தில் அம்மா தூங்கவில்லை. மறுநாள் காலையில் அவருக்கு வலி வந்தது. தலை பிளக்கிற வலி, வாந்தி. இரண்டு நாள் கழித்து வலி குறைந்தபோது வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"எலாண்டு?" என்றாள் ரெசெகோ. "அதுக்குத்தானே போனீங்க தாத்தா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அத நான் சொல்றேன். நான் ஒரு தப்பு பண்ணேன்" என்றாள்.

கசானேயிலிருந்து திரும்பி உப்புநிலத்துப் பக்கம் போய் மூன்று நாள் தேடியிருக்கிறார்கள். வரிக்குதிரை ஆயிரம். எலாண்ட் ஒன்று கூட இல்லை. உண்ட வீட்டில் படுத்து விடிந்ததும் கிளம்பி, எதிரே வருகிற வண்டியையெல்லாம் சத்தம் கேட்டுக் கைகாட்டி நிறுத்தி, "எலாண்டு பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார் அப்பா. பதினோராம் நாள் சாயங்காலம் க்வேட்டா ஊருக்கு வெளியே ரோட்டோரம் ஒரு மாட்டுமந்தை போயிருக்கிறது. பெரிய, வெளிறின நிறத்து மாடுகள்.

"எனக்குத் தாங்கல" என்றாள் அம்மா. "இந்த மனுஷன் கண்ணத் தொலச்சிட்டு எதுக்கு அலையறாரோ அது கெடைக்கலயேன்னு. வண்டிய நிறுத்தி, 'கொராட்டா அப்பா, எலாண்டு! இருவது இருக்கும்!'னுட்டேன். இறங்கி நின்னாரு. தொப்பிய எடுத்தாரு. கொஞ்ச நேரம் காது குடுத்தாரு. அப்புறம் தொப்பிய மாட்டிக்கிட்டு, 'மாடு, பொம்பள. ஏறு வண்டில'ன்னாரு."

"எப்படித் தெரிஞ்சுது தாத்தா?"

"எலாண்டு நடந்தா முன்னங்கால் முட்டி சொடுக்குப் போடும்மா. விரல்ல சொடுக்கு எடுக்கற மாதிரி. தூரத்துலயே கேக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" இது நான். "நீங்கதான் உயிரோட பாத்ததே இல்லையே?"

அப்பா தட்டைத் தரையில் வைத்தார். நாற்பது வருஷம் எங்களிடம் சொல்லாததைச் சொன்னார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். மழை இல்லாத வருஷம். மேற்கே காட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம், கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாடுகளுக்கு ஆழ்துளைக் கிணறு இருந்தது. காற்று திரும்பினால் தண்ணீர் வாசனை அந்தப் பக்கம் போகும். எலாண்டுகள் வந்தன. முதலில் பத்து, பிறகு நூறு. "நல்ல நாள்ல அந்தக் கம்பிய ஒரே தாவுல தாண்டிடும். தண்ணியில்லாம அவ்வளவு தூரம் நடந்து வந்தது தாவுமா? கம்பி ஓரமாவே தெற்க போவுங்க, வடக்க போவுங்க. டக் டக்னு சொடுக்கு. என் கொட்டகைய தாண்டித்தான் போகணும். எட்டு நாள் கேட்டேன்."

"சாவி?" என்றேன்.

"என் இடுப்புல இருந்துச்சு. திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. நோய் புடிச்சது ஒண்ணு உள்ள வந்தா நாட்டு மாடு அத்தனையும் போயிடும், உன் வேலையும் போயிடும்னாங்க. நீ அப்ப மூணு மாசக் குழந்த. திறக்கலாமா வேணாமான்னு எட்டு நாள் நினைச்சேன். முதல்ல குட்டிங்க விழுந்துச்சு. கம்பிகிட்ட போய்ப் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், போஃபு, போஃபுன்னு. என்னத்துக்குக் கூப்பிட்டேன்? கையில ஒண்ணும் இல்லாம. ஒன்பதாம் நாள் சத்தம் நின்னுடுச்சு."

அம்மா அவர் தோளில் கை வைத்திருந்தாள். க்வேட்டா ரோட்டில் அந்தச் சாயங்காலம்தான் அவளும் இதை முதல் தடவை கேட்டாளாம். நாற்பத்தைந்து வருஷம் கூடப் படுத்தவள்.

"மறுநாள் காலைல" என்று அம்மா தொடர்ந்தாள், "ஊருக்குத் திரும்பறதுன்னு முடிவு. ராத்திரி பெருமழ. மண்ரோட்டுல மெதுவா வந்துட்டிருக்கேன். 'நிறுத்து'ங்கறாரு. நான் ஒண்ணும் பாக்கல. இன்ஜின அணைன்னாரு. அணைச்சேன். அப்ப எனக்கும் கேட்டுச்சு கொராட்டா. மேற்கப் புதருக்குள்ள இருந்து. டக், டக், டக்."

அப்பா இறங்கியிருக்கிறார். அம்மா கையைப் பிடிக்கப் போனதை உதறிவிட்டுத் தனியாக ரோட்டின் நடுவில் போய் நின்றிருக்கிறார். கூட்டம் புதரிலிருந்து வெளியே வந்தது. முதலில் ஒரு பெரிய கிடாய், அவரைப் பார்த்து நின்றது. பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தது. மற்றவை பின்னாலேயே வந்தன. அவருக்கு இந்தப் பக்கம் சில, அந்தப் பக்கம் சில. கையை நீட்டினால் தொடலாம் போல ஒன்று போனதாம்.

"இவர் வாய் அசையுது. எனக்குக் கேக்கல" என்றாள் அம்மா. "அப்புறம் என்னப் பாத்துக் கத்தறாரு. 'குட்டி இருக்கா? குட்டி இருக்கா?'னு. இருக்குன்னேன். எத்தனைன்னாரு. எண்ணி எண்ணிச் சொன்னேன். பதினாலு. ஒண்ணு மட்டும் தாய விட்டுட்டு நின்னு இவரையே பாத்துச்சு. அதையும் சொன்னேன். எல்லாம் கடந்து போச்சுன்னு சொன்னதும் அப்படியே சேத்துல உக்காந்துட்டாரு. தூக்கவே முடியல என்னால."

ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. நான் எழுந்தேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும், என்ன செய்ய.

"சரி, நின்னீங்க. வந்துச்சு. போச்சு. கண்ணத் திருப்பிக் குடுத்துச்சா? சொல்லுங்கப்பா. ஒரு வாரம் முன்னாடி என்கிட்ட வந்திருந்தா நான் கொஞ்சமாவது காப்பாத்தியிருப்பேன். இனிமே என் முகமே உங்களுக்குத் தெரியாதுப்பா."

அப்பா என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"கண்ணக் கேக்கப் போகல கொராட்டா. நீங்கள்லாம் அப்படித்தான் நினைச்சீங்க. சாவி என்கிட்டதான் இருந்துச்சு, திறக்காதவன் நான்தான்னு அதுங்ககிட்ட என் வாயால சொல்லணும். அதச் சொல்லத்தான் போனேன். கண்ணு இருக்கும்போதே போயிருக்கணும். பயந்துக்கிட்டு இத்தனை வருஷம் போகாம இருந்துட்டேன்."

கட்டில் மேல் இருந்த அவருடைய மாற்றுச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். பொத்தானை நான் மாட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். ரெசெகோ ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, நீங்க சொன்னதுக்கு அதுங்க என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றார் அப்பா. "கிழக்க மழத்தண்ணி தேங்கியிருந்துச்சாம். குடிக்கப் போச்சுங்க."